தலையில தண்ணி ஊத்துறதுக்கு எதுக்கு இவ்வளவு கிளாஸ்?

தலைப்புல இருக்குற கேள்வி என்னோடது இல்ல, எங்க தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டது. தங்கச்சின்னா சித்தப்பா பொண்ணு, காதல் கல்யாணம், மாப்பிள்ளை வீடு இந்து குடும்பம், ரெண்டு வீட்லயும் ஆரம்பத்துல கொஞ்சம் முகத்தைத் தூக்கி வச்சிருந்தாங்க, பேரன் பொறந்ததும் எல்லாம் சரியாப் போச்சு. இப்ப பையனுக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய், அதாவது காட்மதர். சரின்னு சொன்ன ராத்திரியே வாட்ஸ்அப்ல ஃபார்ம் வந்துடுச்சு. பெற்றோர் ரெண்டு பேரும் ஞானப்பெற்றோரும் கிளாஸுக்கு வரணும், பிள்ளையோட பர்த் சர்ட்டிபிகேட், தங்கச்சியோட ஞானஸ்நான சர்ட்டிபிகேட், கல்யாணப் பேப்பர், என்னோட உறுதிபூசுதல் (கன்ஃபர்மேஷன்) சர்ட்டிபிகேட்னு வரிசையா கேட்டிருந்தாங்க. மாப்பிள்ளை அதைப் பாத்துட்டு, "அக்கா, பழனிக்குப் போய் மொட்டை அடிச்சு காது குத்துனப்போ எங்ககிட்ட யாருமே ஒரு பேப்பர் கேக்கல, உங்க கோயில்ல தலையில மூணு தடவை தண்ணி ஊத்துறதுக்கு சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசம்) அப்ளிகேஷனை விட அதிகமா கேக்குறாங்க"ன்னு சொன்னாரு. அவரு கிண்டலாத்தான் சொன்னாரு, ஆனா கூடவே இன்னொண்ணும் கேட்டாரு. பேசவே தெரியாத பிள்ளைக்கு, அவனைக் கேக்காம, வாழ்நாள் முழுக்க அழியாத ஒரு முத்திரையைக் குத்துறது நியாயமா?

ரெண்டு கேள்வியையும் மனசுல வச்சுக்கிட்டு கிளாஸ்ல உக்காந்தேன், வீட்டுக்கு வந்து கொஞ்சம் படிச்சேன், அதுல தேறினதை இங்க எழுதுறேன். நான் உபதேசியார் இல்ல, இறையியல் படிச்சவளும் இல்ல, ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போற சாதாரண ஆளு.

முதல்ல "கேக்காம" விஷயம். இதுக்கு நம்ம ஆளுங்க டக்குனு சொல்ற பதில் "ஜென்மப் பாவம் போகணும்ல" அப்படிங்கிறது. ஆதாம் ஏவாள்ல இருந்து எல்லாரும் பொறக்குறப்பவே சுமக்குறதா சொல்ற பாவம் அது. பதில் சரிதான், ஆனா அதை மட்டும் சொன்னா பிள்ளை ஏதோ கறையோட பொறந்த மாதிரியும் நம்ம கழுவி விடுற மாதிரியும் ஒரு எண்ணம் வந்துடுது. எங்க பாட்டி காலத்துல அந்தப் பயம் ரொம்ப ஜாஸ்தி. பிள்ளை பொறந்து ஒரு வாரம் பத்து நாள்ல தூக்கிட்டு ஓடிடுவாங்க, பெத்தவ தீட்டுன்னு வீட்லயே கெடப்பா, ஞானத்தாய்தான் பிள்ளையைத் தூக்கிட்டுப் போவா. ஞானஸ்நானம் இல்லாம செத்த பிள்ளைக்கு மோட்சமும் இல்ல நரகமும் இல்ல, லிம்போன்னு ஒரு இடத்துல இருக்கும்னு சொல்லி வளத்தாங்க. இந்த லிம்போ திருச்சபையோட கட்டாயப் போதனையா எப்பவுமே இருந்தது கிடையாது, இறையியல் ஆளுங்க சொன்ன ஒரு விளக்கம், அவ்வளவுதான். 1992ல வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல்ல அந்தப் பேச்சே இல்ல, அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம்னுதான் இருக்கு. 2007ல வத்திக்கான்ல இருக்குற பன்னாட்டு இறையியல் கமிஷன், அந்தப் பிள்ளைகளும் மீட்படைவாங்கன்னு நம்புறதுக்கு நல்ல காரணம் இருக்குன்னு ஒரு அறிக்கையே போட்டாங்க. பாட்டிக்கு இது தெரிஞ்சிருந்தா, கொறைப் பிரசவத்துல போன அந்த ஒரு பிள்ளையை நெனச்சு அவ்வளவு வருஷம் அழுதிருக்க மாட்டாங்களோ என்னவோ.

சரி, அப்ப அவசரம் இல்லன்னா, பதினெட்டு வயசு வரைக்கும் வெயிட் பண்ணி அவனையே முடிவு பண்ண விடலாமே? மாப்பிள்ளை இதைத்தான் கேட்டாரு. நான் திருப்பிக் கேட்டேன், அவனுக்கு என்ன பேரு வேணும்னு கேட்டா வச்சீங்க, தமிழ்ல பேசவான்னு கேட்டுட்டா பேச ஆரம்பிச்சீங்க? பெத்தவங்களுக்கு எது பெரிய சொத்துன்னு தோணுதோ அதைப் பிள்ளைக்குக் கேக்காமத்தான் கொடுக்குறோம், பெருசானதும் வேணாம்னு அவன் தூக்கிப் போடலாம், அது அவன் இஷ்டம். அவரு சிரிச்சுட்டு "நீங்க நல்லா பேசுறீங்க"ன்னு விட்டுட்டாரு. ஒத்துக்கிட்டாருன்னு நான் நெனக்கல.

ஆனா கிளாஸ்ல ஃபாதர் சொன்ன ஒண்ணு எனக்கு இதைவிட ஆழமாப் பட்டுச்சு. குழந்தை ஒண்ணுமே செய்யாம சும்மா கெடக்குதே, அதுதான் விஷயமே, அந்த நேரத்துல அது ஒண்ணும் சம்பாதிக்கல, ஒண்ணும் நிரூபிக்கல, சும்மா வாங்கிக்குதுன்னாரு. யோசிச்சுப் பாத்தா ஞானஸ்நானத்தோட மத்த சட்டம் எல்லாமே இங்கதான் வந்து நிக்குது. பெரியவங்க கூட தனக்குத்தானே தண்ணி ஊத்திக்கிட்டு ஞானஸ்நானம் வாங்க முடியாது, அது செல்லாதுன்னு மூணாம் இன்னொசென்ட் பாப்பரசர் காலத்துலயே தீர்ப்பு சொல்லியாச்சு. எவ்வளவு பெரிய அறிவாளியா இருந்தாலும், பைபிளைக் கரைச்சுக் குடிச்சிருந்தாலும், இன்னொருத்தர் முன்னாடி போய்த் தலையைக் குனிஞ்சுதான் ஆகணும். இயேசு சாமியே யோர்தான் ஆத்துல ஞானஸ்நானம் வாங்க அருளப்பர் (யோவான்) முன்னாடி போய் நின்னவர்தான்.

கொடுக்குறவர் யாருங்கிறதும் அப்படித்தான். வழக்கமா குருவோ, அவருக்கு அடுத்த நிலையில இருக்குற தியாக்கோனோ கொடுப்பாங்க, ஆனா உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணா கொடுக்கலாம், ஞானஸ்நானம் வாங்காத ஆள் கூட. திருச்சபை எதை நெனச்சுச் செய்யுதோ அதைச் செய்யணும்ங்கிற எண்ணம் இருக்கணும், தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரைச் சொல்லணும், முடிஞ்சது. எங்க பெரியம்மா பிரசவ வார்டுல நர்ஸா இருந்தவங்க, கூட வேலை பாத்த மலாய்க்கார அக்காவுக்கும் சீன அக்காவுக்கும் அந்த வார்த்தையை இங்கிலீஷ்ல சொல்லிக் குடுத்து வச்சிருந்தாங்களாம், நான் ஷிஃப்ட்ல இல்லாதப்போ கத்தோலிக்கப் பிள்ளை ஏதாவது சீரியஸா இருந்து, பெத்தவங்களும் கேட்டா, நீங்களே ஊத்திடுங்கன்னு. சின்ன வயசுல இதைக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டிருக்கேன், பூசை வைக்க குரு வேணும், பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேக்க குரு வேணும், ஆனா எல்லாத்துக்கும் வாசலா இருக்குற இந்த ஒண்ணுக்கு மட்டும் ஒரு முஸ்லிம் நர்ஸ் போதுமா? போதும். ஏன்னா கொடுக்குறது அவங்க இல்லயே. புனித அகுஸ்தினார் 1600 வருஷத்துக்கு முன்னாடியே இதைப் பத்திப் பெரிய சண்டை போட்டிருக்காரு, அப்ப வட ஆப்பிரிக்காவுல ஒரு கூட்டம், துரோகம் பண்ண குருக்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, திரும்ப வாங்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அதுக்கு அவரு, ராயப்பர் (பேதுரு) கொடுத்தாலும் கொடுக்குறது கிறிஸ்துதான், யூதாஸ் கொடுத்தாலும் கொடுக்குறது கிறிஸ்துதான்னு சொன்னாரு.

இங்கதான் 2020ல நடந்த ஒரு கூத்தைச் சொல்லணும். அமெரிக்காவுல டெட்ராய்ட் மறைமாவட்டத்துல ஒரு இளம் குரு, வீட்ல இருந்த பழைய வீடியோவைப் பாத்திருக்காரு, 1990ல அவருக்கு நடந்த ஞானஸ்நானம். அதுல அந்தத் தியாக்கோன் "நான் உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன்"னு சொல்றதுக்குப் பதிலா "நாங்கள் தருகிறோம்"னு சொல்லிட்டாரு, குடும்பம் கூட்டம் எல்லாரும் சேந்து கொடுக்குற மாதிரி நல்ல எண்ணத்துல மாத்தியிருக்காரு போல. அந்த ஆகஸ்ட்ல வத்திக்கான் அப்படிச் சொன்னா செல்லாதுன்னு அறிவிச்சதும் இவரு ஆயரை (பிஷப்பை) போய்ப் பாத்து, ஞானஸ்நானம் செல்லலன்னா உறுதிபூசுதல் செல்லாது, குருப்பட்டமும் செல்லாது, எல்லாத்தையும் முதல்ல இருந்து வாங்குனாரு. அவரு மூணு வருஷமா கேட்ட பாவசங்கீர்த்தனம், மந்திரிச்ச கல்யாணம் எல்லாம் என்ன ஆகுறதுன்னு பெரிய குழப்பம். ஒரு வார்த்தைக்கா இவ்வளவுன்னு அப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இப்ப காரணம் புரியுது, "நாங்க" கொடுக்குறோம்னு சொன்னா அது எங்க குடும்ப விழா, எங்க சங்கத்து மெம்பர்ஷிப் ஆயிடுது, "நான்"னு சொல்றப்போ அந்தக் குரு தன்னோட சொந்தப் பேர்ல பேசல, கிறிஸ்துவோட வாயா நிக்கிறாரு. புரியுது. ஆனா கடவுள் ஒரு வார்த்தைப் பிசகுக்காக அந்தப் பையனை முப்பது வருஷம் வெளிய நிக்க வச்சிருப்பாருன்னு என்னால நெனக்க முடியல, திருச்சபையும் அப்படிச் சொல்லல, கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோட கட்டி வச்சிருக்காரு, ஆனா அவரு தன்னை அதுக்குள்ள கட்டிப் போட்டுக்கலன்னு மறைக்கல்வி நூலே சொல்லுது. ரெண்டையும் சேத்துப் புடிக்கிறது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

இதே வரியைத்தான் நான் மாப்பிள்ளையோட அம்மாகிட்டயும் சொன்னேன். அவங்க சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க, "ஏம்மா, அப்ப இந்தத் தண்ணி விழாத நாங்கள்லாம் எங்க போவோம்?" நேர்மையான கேள்வி, மழுப்பக் கூடாதுன்னு பட்டுச்சு. ரெண்டாம் வத்திக்கான் சங்கம், அதான் உலகம் பூராவும் இருந்து ஆயர்கள் கூடின கூட்டம், இதைப் பத்தித் தெளிவாவே பேசியிருக்கு அத்தை, கிறிஸ்துவைத் தெரியாமலே உண்மையான மனசோட கடவுளைத் தேடுறவங்க, மனசாட்சிப்படி நடக்குறவங்க அவங்களும் மீட்படைய முடியும்னு சொல்லியிருக்குன்னேன். "ம்ம், பரவால்ல" அப்படின்னாங்க. அவங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை வெள்ளைச் சட்டை. நல்ல காரியத்துல பச்சப் புள்ளைக்கு முழு வெள்ளையா உடுத்துறதான்னு. புது வாழ்க்கையோட அடையாளம், கிறிஸ்துவை உடுத்திக்கிட்டான்னு அர்த்தம்னு தங்கச்சி விளக்கினா, கடைசியில ஓரத்துல மெல்லிசா ஜரிகை வச்சுத் தைக்கிறதா முடிவாச்சு, சிராங்கூன் ரோட்டுல ஒரு டெய்லர்கிட்ட குடுத்தாச்சு.

இப்ப சடங்கைப் பத்தி. நிறைய பேரு தண்ணி ஊத்துறப்போ மட்டும்தான் போனைத் தூக்குறாங்க, ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது வாசல்ல நடக்குறது. குரு கோயில் வாசலுக்கே வந்து கேப்பாரு, பிள்ளைக்கு என்ன பேரு, இறைவனோட திருச்சபைகிட்ட என்ன கேக்குறீங்கன்னு. நம்ம வாயால கேக்கணும். அப்புறம் பிள்ளை நெத்தியில சிலுவை போடுவாரு, அடுத்து அப்பா அம்மா, அப்புறம் நாங்க. அதுக்கப்புறம்தான் உள்ள. வாசகம், புனிதர் பிரார்த்தனை, நெஞ்சுல எண்ணெய், தண்ணி மந்திரிக்கிறது, அப்புறம் சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, அவனோட மாயக் கவர்ச்சியை எல்லாம் விட்டுவிடுகிறீர்களான்னு பெரியவங்களைப் பாத்து ஒரு விசாரணை. ஏசி போட்ட கோயில்ல நல்ல பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, மதியம் பிரியாணி வந்துடுச்சான்னு மனசு ஒரு பக்கம் ஓடிட்டு இருக்குறப்போ, "விட்டுவிடுகிறேன்"னு நம்ம சொல்ற அந்த வார்த்தை எவ்வளவு பெருசுன்னு யாரும் கவனிக்கிறது இல்ல. தண்ணி ஊத்துனதும் உச்சந்தலையில கிறிஸ்மா தைலம்ங்கிற மந்திரிச்ச வாசனை எண்ணெய் பூசுவாங்க. பழைய ஏற்பாட்டுல ராஜாவுக்கும் குருவுக்கும் தலையில ஊத்துன மாதிரிதான், ஆறு மாசப் பையன் அன்னைக்கு கிறிஸ்துவோட சேந்து குரு, இறைவாக்கினர், அரசர்னு மூணு பதவியும் வாங்கிட்டு எதுவும் தெரியாம கையைச் சப்பிட்டு இருப்பான். பாஸ்கா திரியில (ஈஸ்டருக்கு ஏத்துற பெரிய மெழுகுதிரி) இருந்து ஒரு சின்ன மெழுகுதிரி ஏத்தி பெத்தவங்ககிட்டயும் எங்ககிட்டயும் குடுத்து, இந்த வெளிச்சத்தை அணையாம பாத்துக்கிறது உங்க பொறுப்புன்னு சொல்லுவாங்க. காதையும் வாயையும் தொட்டு எப்பேத்தான்னு ஒண்ணு இருக்கு, மாற்கு ஏழாம் அதிகாரத்துல இயேசு காது கேக்காதவரைத் தொட்டுத் திறக்கப்படுன்னு சொன்னாரே, அது. சில கோயில்ல நேரம் இல்லன்னு அதை விட்டுடுறாங்க, விடலாம்தான், ஆனா எனக்கு வருத்தம்.

மாப்பிள்ளையோட முதல் கேள்விக்குப் பதில் இந்த மெழுகுதிரியிலதான் இருக்கு. பிள்ளைக்கு ஒரு தகுதியும் தேவையில்ல, அதனாலதான் பெரியவங்களைப் புடிச்சு இவ்வளவு கேள்வி கேக்குறாங்க. திருச்சபைச் சட்டத்துல குழந்தைக்குக் கொடுக்கணும்னா பெத்தவங்கள்ல ஒருத்தராவது சம்மதிக்கணும், பிள்ளை கத்தோலிக்க நம்பிக்கையில வளரும்னு நியாயமான நம்பிக்கை இருக்கணும்னு இருக்கு. அந்த நம்பிக்கை சுத்தமா இல்லன்னா தள்ளி வைக்கலாம், காரணத்தைச் சொல்லிட்டு. பேப்பர், கிளாஸ் எல்லாம் இதுக்குத்தான். எங்க தங்கச்சி கலப்புத் திருமணம் பண்ணப்பவே, என்னால முடிஞ்ச அளவு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளப்பேன்னு வாக்குக் குடுத்தவ, மாப்பிள்ளைக்கும் அதைத் தெரியப்படுத்தித்தான் கல்யாணமே நடந்துச்சு. அவரு அன்னைக்கு எல்லாத்துக்கும் தலையாட்டினது இப்ப மறந்து போச்சு, மாப்பிள்ளைங்க அப்படித்தான்.

ஞானப்பெற்றோர் விஷயத்துல நம்ம ஊர் ஆளுங்க பண்றதைப் பத்தி எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு உண்டு. யாரு பெரிய செயின் போடுவாங்க, யாரு ஆங் பாவ் (கவர்ல வச்சுக் குடுக்குற அன்பளிப்புப் பணம்) வெயிட்டா குடுப்பாங்க, எந்த மாமாவைக் கூப்பிடலன்னா கோச்சுக்குவாருன்னு பாத்து முடிவு பண்றது. சட்டம் கேக்குறது ரொம்ப சிம்பிள், பதினாறு வயசு ஆகியிருக்கணும், கத்தோலிக்கரா உறுதிபூசுதலும் நற்கருணையும் (பூசையில வாங்குற அப்பம்) வாங்கியிருக்கணும், அந்த நம்பிக்கைக்கு ஏத்த மாதிரி வாழணும், பெத்த அப்பா அம்மாவா இருக்கக் கூடாது. ஒருத்தர் போதும், ரெண்டு பேருன்னா ஒரு ஆண் ஒரு பெண். இங்க சில குடும்பத்துல ஆறு ஜோடி நிக்குது, போட்டோவுக்கு நல்லா இருக்கும், ஆனா ரிஜிஸ்டர்ல அத்தனை பேருக்கு இடம் கிடையாது. ஒரு காலத்துல இது எவ்வளவு சீரியஸான உறவுன்னா, ஞானத்தகப்பனுக்கும் அவரு தாங்கின பொண்ணுக்கும் நடுவுல கல்யாணமே ஆகக் கூடாதுன்னு தடை இருந்துச்சு, ரத்த உறவு மாதிரி, 1983ல வந்த புதுச் சட்டத்துலதான் அதை எடுத்தாங்க. பிள்ளைக்கு இருவது வயசுல நம்பிக்கை ஆட்டம் கண்டா, அப்பா அம்மாகிட்ட பேச முடியாததைப் பேச ஒரு ஆளு வேணும், அதுக்குத்தான் நான். செயின் நான் வாங்கலன்னு சொல்லிட்டேன். தங்கச்சிக்குக் கொஞ்சம் மொகம் சுருங்குச்சு.

சிங்கப்பூர்ல இன்னொரு விஷயமும் இருக்கு, யாரும் வெளிய பேசாதது. பிரைமரி ஒன் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது பிள்ளையை ஒண்ணாம் வகுப்புல சேக்குறது. அதுல ஃபேஸ் 2பி-ங்கிற சுத்துல, ஸ்கூலோட சம்பந்தப்பட்ட கோயில்ல பெத்தவங்க ஒருத்தர் மெம்பர்னு சான்று இருந்தா ஒரு வாய்ப்பு, நல்ல பேரு இருக்குற கத்தோலிக்க ஸ்கூல் எத்தனையோ இருக்கு, அதனால அஞ்சு வயசுல திடீர்னு ஞானஸ்நானத்துக்கு ஓடி வர்றவங்களும் உண்டு. நான் அவங்களை ரொம்பத் திட்ட மாட்டேன், பிள்ளை படிப்புன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் புத்தி பேதலிச்சுடும், ஸ்கூலுக்காக வந்து நெஜமாவே கோயில்ல ஒட்டிக்கிட்டவங்களையும் பாத்திருக்கேன். ஆனா சாத்தானோட மாயக் கவர்ச்சின்னா எங்கேயோ இருக்குறதுன்னு நெனக்க வேணாம், சில நேரம் அதுக்கு ஸ்கூல் யூனிஃபார்மும் இருக்கும்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் பாஸ்கா சனிக்கிழமை (ஈஸ்டருக்கு முந்தின நாள்) ராத்திரி ஞானஸ்நானத்துக்கு வர்ற பெரியவங்க. 2020 சென்சஸ்படி இந்த நாட்டுல கத்தோலிக்கர் 7 சதவீதம்தான், அதுல நிறைய பேரு பிறவியில வந்தவங்க இல்ல. பெரியவங்களைத் தயார் பண்ற ஆர்சிஐஏ கிளாஸ்ல கிட்டத்தட்ட ஒரு வருஷம் வாராவாரம் வேலை முடிஞ்சு வந்து உக்காந்து படிச்சுட்டு, அந்த ராத்திரி ஞானஸ்நானம், உறுதிபூசுதல், முதல் நற்கருணை மூணையும் ஒண்ணா வாங்குவாங்க. வீட்ல சாமி கும்பிட மாட்டேன்னு சொன்னதுக்காக அப்பாகிட்ட பேச்சு வார்த்தை நின்னு போனவங்க அதுல இருப்பாங்க. என்னை மாதிரி தூக்கத்துல வாங்குனவளுக்கு அதோட விலை அவங்களைப் பாத்தாத்தான் தெரியும்.

நம்ம தமிழ் ஆளுங்க வரலாறுலயும் இந்த ரெண்டு வகையும் உண்டு. 1530கள்ல தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில பரதவ மக்கள் ஊரோட ஞானஸ்நானம் வாங்குனாங்க, கடல்ல அவங்களுக்கு இருந்த ஆபத்துக்கு போர்த்துகீசியர் பாதுகாப்பு வேணும்ங்கிற கணக்கும் அதுல இருந்துச்சு, மறைக்க ஒண்ணும் இல்ல. வாங்குனாங்களே தவிர சொல்லிக் குடுக்க ஆளு இல்ல, 1542ல சவேரியார் வந்தப்புறம்தான் ஜெபங்களைத் தமிழ்ல பேத்து எழுதி ஊர் ஊரா மணி அடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் குடுத்தாரு, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கையே அசந்து போகுதுன்னு 1544ல ரோமுக்கு எழுதின கடுதாசியில சொல்லியிருக்காரு. தண்ணி முதல்ல வந்துச்சு, நம்பிக்கை பின்னாடி வளந்துச்சு, இன்னைக்கும் அந்தக் கடற்கரை முழுக்கக் கோயில். இன்னொரு பக்கம் தேவசகாயம் பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம், என்ன செய்றோம்னு நல்லாத் தெரிஞ்சு 1745 மே 14 அன்னைக்கு வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்குனவரு. லாசர்ங்கிற பேரைத்தான் தமிழ்ல தேவசகாயம்னு வச்சாங்க. சாதி பாக்காம எல்லாரோடயும் பழகினாரு, வருஷக்கணக்குல சித்திரவதை, 1752ல காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாங்க, 2022ல புனிதர் பட்டம்.

அதே வடக்கன்குளத்துல பின்னாடி என்ன பண்ணாங்க தெரியுமா, சாதிக்கு ஒரு பக்கம்னு பீடத்துல மட்டும் சேர்ற மாதிரி ரெண்டா பிரிஞ்சு நிக்கிற கோயிலைக் கட்டி நடுவுல சுவர் வச்சாங்க, இருபதாம் நூற்றாண்டு தொடங்கினப்புறம்தான் அதை இடிச்சாங்க. ஞானஸ்நானம் வாங்குன எல்லாரும் கிறிஸ்துவை உடுத்திக்கிட்டீங்க, இனிமே யூதர்னும் இல்ல கிரேக்கர்னும் இல்ல, அடிமைன்னும் இல்ல சுதந்திர ஆளுன்னும் இல்லன்னு சின்னப்பர் (பவுல்) கலாத்தியருக்கு எழுதினதை அந்தச் சுவருக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து வாசிச்சுக் கேட்டிருப்பாங்க. இங்க சுவர் இல்ல, ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில், 1888ல நம்ம இந்தியக் கத்தோலிக்கருக்காகக் கட்டினது, அதுல ஒரே பெஞ்சுலதான் எல்லாரும் உக்காருறோம். ஆனா பூசை முடிஞ்சு கல்யாணப் பேச்சு எடுக்குறப்போ "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?"னு ஒரு ஆன்ட்டி இழுப்பாங்க பாருங்க, தைலம் பூசின தலை எதுக்குன்னு அப்பத் தோணும்.

ஒரு தடவைதான், திரும்ப வாங்க முடியாதுங்கிறதும் இதோட சேந்ததுதான். மெத்தடிஸ்ட் மாதிரி மத்த சபையில தண்ணி ஊத்தி திரித்துவத்தோட பேரைச் சொல்லி முறையா வாங்கியிருந்தா, கத்தோலிக்கத்துக்கு வர்றப்போ திரும்பக் கொடுக்க மாட்டாங்க, அதுவே செல்லும். கோயிலை விட்டுப் போனாலும் முத்திரை அழியாது. எங்க சித்தப்பா பதினெட்டு வருஷம் கோயில் பக்கமே வரல, திரும்பி வந்தப்போ அவரைப் புதுசா யாரும் சேத்துக்கல, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நற்கருணைக்கு வந்துட்டாரு. வாசல்ல தீர்த்தத் தொட்டியில விரலை நனைச்சுச் சிலுவை போடுறோமே, அது ஞானஸ்நானத்தை ஞாபகப்படுத்தத்தான், பாதிப் பேரு கொசு அடிக்கிற வேகத்துல போட்டுட்டுப் போயிடுறாங்க. அடக்கப் பூசையில பெட்டி மேல தீர்த்தம் தெளிக்கிறதும் பக்கத்துல பாஸ்கா திரி எரியுறதும் அதேதான், ஆரம்பிச்சு வச்சது அன்னைக்கு முடியுது.

பிரான்சிஸ் பாப்பரசர் 2014 ஜனவரியில பொதுச் சந்திப்புக்கு வந்த ஜனங்ககிட்ட, உங்க ஞானஸ்நானத் தேதி யாருக்கெல்லாம் தெரியும், கையைத் தூக்குங்கன்னு கேட்டாரு, கொஞ்சப் பேருதான் தூக்கினாங்க, அதைக் கண்டுபுடிக்கிறதை வீட்டுப்பாடமாவே குடுத்தாரு. ரெண்டாம் ஜான்பால் 1979ல பாப்பரசரா போலந்துல இருக்குற சொந்த ஊர் வாடோவித்சேவுக்குப் போனப்போ தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டியைக் குனிஞ்சு முத்தம் பண்ணவரு. கிளாஸ்லயும் ஃபாதர் தேதியைக் கேட்டாரு, எங்க ரூம்ல ஒரே ஒரு பிலிப்பினோ தம்பதிதான் சொன்னாங்க, அவங்க வீட்ல அன்னைக்குக் கேக்கே வெட்டுவாங்களாம்.

தேதி தெரியணும்னா சர்ட்டிபிகேட்டைத் தேடணும், அது தொலைஞ்சிருந்தாலும் பயப்பட வேணாம், ஞானஸ்நானம் நடந்த பங்குக் கோயில் ரிஜிஸ்டர்ல இருக்கும். அந்த ரிஜிஸ்டர்ல உங்க பேருக்குப் பக்கத்து ஓரத்துல பின்னாடி நடந்த உறுதிபூசுதல், கல்யாணம், குருப்பட்டம் எல்லாத்தையும் குறிப்பாங்க, நீங்க எந்த நாட்டுல கல்யாணம் பண்ணாலும் இங்க இருந்து அங்க தகவல் போகும். அதனாலதான் கல்யாணத்துக்கு ஆறு மாசத்துக்குள்ள எடுத்த புதுக் காப்பி கேக்குறாங்க, அம்மா லேமினேட் பண்ணி பீரோவுல வச்சிருக்குறதை நீட்டினா எடுத்துக்க மாட்டாங்க. ஊர்ல ஞானஸ்நானம் வாங்குனவங்க பங்குச்சாமிக்கு எழுதறப்போ பொறந்த தேதி, அப்பா அம்மா பேரு, ஞானப்பெற்றோர் பேரு எல்லாம் சேத்து எழுதுங்க, அப்ப வச்ச பேரையும் மறக்காம போடுங்க, ஏன்னா இங்க ஐசியில (அடையாள அட்டையில) ஜெனிஃபர்னு இருக்குற ஆளு அங்க ரிஜிஸ்டர்ல ஆரோக்கிய ஜெனோவா மேரியா இருப்பீங்க, அவங்க தேடித் தேடி இல்லன்னு சொல்லிடுவாங்க. திருவிழா சமயத்துல எழுதினா பதிலே வராது, கொஞ்சம் முன்னாடியே எழுதிடுங்க.